இப்ஹாமின் முதல் நோன்பு

எத்தாளை ஊரில் ஜௌபரும் ஜுனைதாவும் ஒரே சட்டியில் ஆக்கியதைச் சாப்பிட்டுக்கொண்டு, ஒரே கூரைக்குக் கீழே, கிட்டத்தட்ட ஒரு வருஷம் ஒருவரையொருவர் நம்பாமல் குடும்பம் நடத்தினார்கள். ஊர் வாய் சும்மா இருக்குமா? ஜௌபர் மரக்கறி ஏற்றும் லொறிக்காரன், நாலு ஊர் போகிறவன், என்னமோ ஏதோ என்று அதுவும் இதுவும் கதைத்தது. ஊர் நினைத்தது ஒன்றுமே இல்லை. மகன் இப்ஹாமுக்கு ஒப்பரேஷன் செய்யப்போன காலையில் அவனுக்கு ஒளித்துச் சாப்பாடு கொடுத்தது யார்? அவர்களுக்குள் இருந்த வழக்கு அவ்வளவுதான். ஜௌபர்தான் என்று ஜுனைதா நினைத்தாள். ஜுனைதாதான் என்று ஜௌபர் நினைத்தான். இரண்டு பேரிடமும் சாட்சி இருந்தது. அதுதான் வேடிக்கை.

முதலில் இருந்து சொன்னால்தான் விளங்கும்.

இப்ஹாமுக்கு ஏழு வயதில் அடிவயிற்றின் வலப்பக்கம் ஒரு வீக்கம் வந்தது. ஓடினாலும் இருமினாலும் தேசிக்காய் அளவுக்குப் புடைக்கும், படுத்தால் உள்ளே போய்விடும். குடலிறக்கம் என்றார்கள். சின்ன வேலைதான், காலையில் வந்தால் பின்னேரம் வீட்டுக்குப் போகலாம் என்று கிளினிக்கில் நாள் குறித்துக் கொடுத்தார்கள். அந்த நாள் நோன்பு மாதத்தில் விழுந்தது. நாள் கொடுத்த பெண், "விடிய ஒண்டும் சாப்பிடக் குடுக்காம, வெறும் வயித்தோட கூட்டிக்கொண்டு வாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். அவளுக்குப் பின்னால் ஐம்பது பேர் நின்றார்கள். குறை சொல்ல முடியாது.

இப்ஹாமுக்கு இதைச் சொன்னதும் அவன் பயப்படவில்லை, துள்ளினான். "அப்ப அண்டைக்கு எனக்கும் நோம்புதானே?" என்றான். அந்த வருஷம் முழுக்க அவன் நோன்பு பிடிக்க வேண்டும் என்று அழுதுகொண்டிருந்தவன். சின்னப் பிள்ளை, தாங்கமாட்டாய் என்று விடவில்லை. இப்போது ஆஸ்பத்திரியே பசியோடு இருக்கச் சொல்லிவிட்டது. ஜௌபர் சிரித்தான். "ஓம் மகன், ஒண்ட மொத நோம்பு" என்றான். சாச்சிமாருக்கெல்லாம் போன் போனது. அன்றைக்கு இருட்டோடு, சஹர் நேரத்தில் வீட்டோடு அவனையும் எழுப்பினார்கள். நோன்பு பிடிக்கும் நிய்யத்தைத் தகப்பன் சொல்லச் சொல்ல அவன் தூக்கத்தில் பாதியைத் தின்று பாதியைத் திருப்பிச் சொன்னான். சுபஹு தொழுதுவிட்டு மூன்று பேரும் லொறியின் முன் சீட்டில் ஏறினார்கள்.

வார்ட்டில் அன்றைக்கு இருந்த நேர்ஸ் ஞானேஸ்வரி மிஸ். அவர் யாரென்று நான் சொல்லவேண்டியதில்லை, அந்த ஆஸ்பத்திரிக்குப் பிள்ளையைக் கொண்டுபோன எல்லோருக்கும் அவருடைய வாயைத் தெரியும். வாய் அப்படி, கை தங்கம். அழுகிற பிள்ளைக்கு ஊசி குத்த வேண்டுமென்றால் அடுத்த வார்ட்டில் இருந்தும் வந்து அவரைத்தான் கூட்டிப்போவார்கள்.

"பிள்ளைக்குக் காலையில ஏதும் சாப்பிடக் குடுத்ததா?" என்று கேட்டார்.

"ஒண்டும் இல்ல மிஸ். புள்ள நோம்பு" என்றாள் ஜுனைதா.

"நான் நோம்பு!" என்று இப்ஹாமும் சொன்னான்.

ஞானேஸ்வரி மிஸ்ஸின் முகம் மலர்ந்தது. அவர் உடப்பு ஊர்க்காரர். ஆடியில் தீமிதிக்கிற வீட்டுப் பெண். விரதம் இருக்கிற பிள்ளைகளைக் கண்டால் அவருக்குப் பிரியம். "கெட்டிக்காரன்" என்று கன்னத்தைத் தட்டினார். அன்று முதலாவது ஆளாக இப்ஹாமைத் தியேட்டருக்குள் எடுத்தார்கள். தள்ளுவண்டி தள்ளின முத்தலிபு, உள்ளே நின்ற இன்னும் இரண்டு பேர், எல்லோரும் நோன்பாளிகள்தான். நோன்பு என்றால் என்னவென்று தெரியாத ஒருத்தரும் அங்கே இருக்கவில்லை.

மயக்க மருந்து உள்ளே போய்க் கண் மூடினதும், பிள்ளையின் வயிற்றில் இருந்தது மேலே வந்து நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது. விழித்திருக்கிற ஆளுக்குப் புரை ஏறினால் இருமித் துப்புவான். மயக்கத்தில் இருக்கிறவனுக்கு அந்த இருமலும் மயங்கித்தான் கிடக்கும். வயிறு வெறுமையாக இருக்கவேண்டும் என்று சொல்வது அதற்காகத்தான். பிள்ளை நீலம் பாரித்துப் போனான். உறிஞ்சி எடுத்து, குழாய் வைத்து, மூச்சைக் கையால் அமுக்கி அமுக்கிக் கொடுத்து, அம்புலன்சில் கொழும்புக்கு அனுப்பினார்கள். அங்கே மெஷினில் கிடந்தான். உயிர் பிழைத்ததே அல்லாஹ்வின் கிருபை என்று இன்றைக்கும் எத்தாளையில் சொல்வார்கள். நானும் அதைத்தான் சொல்வேன், ஆனால் அந்தத் தியேட்டரில் நின்றவர்களின் கையையும் சேர்த்துச் சொல்வேன்.

அப்போது இருந்த மயக்க மருந்து டொக்டருக்குத் தமிழ் வராது. பதறிப்போய் வெளியே வந்து, சாப்பாடு வந்திருக்கிறது, ஏன் கொடுத்தீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். அதைத் தமிழாக்கினது ஞானேஸ்வரி மிஸ். மிஸ்ஸும் நடுங்கிக்கொண்டிருந்தார், நடுக்கம் எப்போதும் அவருக்கு வாய் வழியாகத்தான் வெளியே வரும்.

"பெத்த தாய் பொய் சொல்லலாமா? குடுத்தா குடுத்தண்டு சொல்லியிருக்கலாமே! பிள்ளைய நீங்களே கொல்லப் பாத்தீங்களே!"

"அல்லாஹ் அறிய, விடிஞ்சதுக்குப் பொறகு ஒரு சொட்டுத் தண்ணி குடுக்கல்ல மிஸ்!"

"பின்ன எங்கயிருந்து வந்தது, வானத்தில இருந்தா?"

வார்ட்டின் நடுவில், எல்லாக் கட்டிலும் கேட்க. ஜுனைதா பிள்ளையோடு கொழும்பில் இருக்கும்போதே அந்தச் சொல் எத்தாளைக்கு வந்து சேர்ந்துவிட்டது. அவள் திரும்பி வந்தபோது பார்க்க வந்த பெண்கள் கையில் ஹோர்லிக்ஸ் போத்தலும் வாயில் ஒரே கேள்வியுமாக வந்தார்கள். என்னத்தைக் குடுத்த நீ?

தான் கொடுக்கவில்லை என்பது ஜுனைதாவுக்குத் தெரியும். அப்படியென்றால் மற்றவர் யார்? தான் பதிவுத் துண்டு எடுக்கும் வரிசையில் நின்றபோது ஜௌபர் பிள்ளையைக் கக்கூசுக்குக் கூட்டிப்போனான். அந்த மனுசனுக்குப் பிள்ளையின் முகம் வாடினால் பொறுக்காது. ஜௌபருக்கும் அதே கணக்கு. தான் லொறியை நிழலில் விடப்போன நேரத்தில் இவள் போத்தல் பால் ஏதும் கொடுத்திருப்பாள். பெண் மனசு.

ஆளுக்கொரு நாள், ஆளில்லாத நேரம் பார்த்து, பிள்ளையைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். இல்லை, இல்லை என்றுதான் அவன் சொன்னான். கடைசியில் தாயிடம், "வாப்பா பிஸ்கட் தந்த" என்றான். தகப்பனிடம், "உம்மா பால் தந்த" என்றான். இரண்டு பேருக்கும் கேட்க விரும்பினது கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகு ஒருவரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. சண்டை பிடித்திருந்தால் ஒரே இரவில் தீர்ந்திருக்கும். பிள்ளையைக் காட்டிக்கொடுக்கக்கூடாது என்று இருவரும் பெருந்தன்மையாக மூடிக்கொண்டார்கள். அந்தப் பெருந்தன்மைதான் வீட்டை அரித்தது.

நெஞ்சு தேறட்டும் என்று ஒப்பரேஷனைத் தள்ளி வைத்தார்கள். பிறகு ஜுனைதா தன் பாட்டில் தள்ளினாள். நாள் கொடுத்தால் காய்ச்சல் என்பாள், கலியாணவீடு என்பாள். போன மாதம் வீக்கம் உள்ளே போகாமல் ஒரு பின்னேரம் முழுக்கச் சிக்கிக்கொண்டு பிள்ளை சுருண்டு கிடந்தான். ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து மெல்ல மெல்ல உள்ளே தள்ளிவிட்டு, சர்ஜன் அவளைப் பார்த்து, "இனியும் தள்ளிப்போட்டா அடுத்த முறை குடல் சிக்கிக் கறுத்துப் போகும். பிறகு நான் என்ன செய்ய?" என்றார். அவளுக்குப் போக்கிடம் இல்லாமல் போனது. மயக்கம் கொடுத்தாலும் பயம், கொடுக்காவிட்டாலும் பயம்.

இந்த முறை ஜுனைதா ஒரு முடிவோடு இருந்தாள். ஒரு ஈ எறும்பும் தன் பிள்ளையின் வாய்க்குள் போகாது. முதல்நாள் பகல் சாப்பாட்டோடு அடுப்பை மூடினாள். பிஸ்கட், பழம், சீனி எல்லாவற்றையும் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகினாள். இரவில் பிள்ளை, "உம்மா, தண்ணி" என்றபோது, "விடியட்டும் மகன்" என்று முதுகைத் தடவினாள். விடிந்த பிறகும் கொடுக்கவில்லை. ஜௌபர் மறித்துக் கேட்கவில்லை. அவன் பங்குக்கு அவளைக் காவல் காத்துக்கொண்டிருந்தான். லொறியில் பிள்ளை நடுவில், கள்ளனைப் பிடித்துப்போகிற பொலிஸ் மாதிரி இருவரும் இரு பக்கத்தில். ஆஸ்பத்திரியில் அவன் கக்கூசுக்குப் போகவேண்டும் என்றபோது மூன்று பேருமாகப் போனார்கள். பார்த்தவர்கள் சிரித்திருப்பார்கள். எனக்கு இப்போது நினைத்தாலும் சிரிப்பு வரவில்லை.

வார்ட்டில் ஞானேஸ்வரி மிஸ் அவர்களைக் கண்டதும் அடையாளம் பிடித்துக்கொண்டார்.

"இந்த முறையாவது உண்மையச் சொல்லுங்க தங்கச்சி" என்றார்.

"போன முறையும் உண்மதான் சொன்ன மிஸ்" என்றாள் ஜுனைதா. அவளுக்கும் வாய் இல்லாமல் இல்லை.

மிஸ் பிள்ளையைக் கட்டிலில் ஏற்றினார். கொஞ்ச நேரத்தில் புதிதாக வந்திருந்த மயக்க மருந்து டொக்டர், சுலக்ஷனா, வந்தார். முன்னேஸ்வரம் பக்கத்துப் பெண். வந்தவர் நின்றுகொண்டு கேட்கவில்லை, ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவருக்கு அது ஒரு பழக்கம். உட்கார்ந்தால் சனம் இன்னும் இரண்டு வசனம் கூடச் சொல்லும் என்பது அவருடைய கட்சி. இப்ஹாமின் உதட்டைப் பார்த்தார், புறங்கைத் தோலைக் கிள்ளிப் பார்த்தார்.

"தம்பி கடைசியா எப்ப, என்ன சாப்பிட்டவர்?"

"நேத்துப் பகல் சோறு. அவ்வளவுதான் டொக்டர்."

"தண்ணி?"

"நேத்துப் பொழுதுபட, மஹ்ரிபுக்குக் குடிச்ச. அதுக்குப் பொறகு இல்ல." ஜுனைதா நிமிர்ந்து நின்று சொன்னாள். பரீட்சையில் நூற்றுக்கு நூறு எடுத்தவள் போல.

டொக்டர் பாராட்டவில்லை. பிள்ளையின் விரல் நுனியில் குத்தி ஒரு துளி ரத்தம் எடுத்து மெஷினில் வைத்துப் பார்த்தார். "சீனி இறங்கியிருக்கு. பிள்ளை காய்ஞ்சு போயிருக்கிறார். அம்மா, இதுவும் கூடாது. நிறைஞ்ச வயிறும் ஆபத்து, இவ்வளவு நேரம் காயப்போடுறதும் ஆபத்துதான். தண்ணி குடுக்க வேணாமெண்டு யார் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லல்ல" என்றாள் ஜுனைதா. "எனக்குப் பயம்."

போன வருஷம் நடந்தது டொக்டருக்குத் தெரியும். நோயாளியின் பழைய தாள்களைப் படிக்காமல் அவர் மயக்க மருந்தில் கை வைப்பதில்லை. தாய் சாப்பாடு கொடுத்துவிட்டு மறைத்தாள் என்று அதில் எழுதியிருந்தது.

"போன முறை நடந்ததக் கொஞ்சம் சொல்லுங்க. நான் ஏசமாட்டன். குடுத்தீங்களா இல்லையா எண்டு நான் கேக்கவுமில்ல. அதுக்கு முதல் நாள் பொழுதுபட்டதில இருந்து தம்பிட வாய்க்குள்ள போனது எல்லாத்தையும் ஒண்டு ஒண்டாச் சொல்லுங்க."

ஜுனைதாவுக்கு அந்த நாள் மனப்பாடம். ஒரு வருஷமாக அதைத்தானே மனசுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"நோம்பு தொறக்கக்குள்ள பேரீச்சம்பழமும் கஞ்சியும் குடிச்ச. ராவைக்கு இடியப்பம். பொறகு தராவீஹ் தொழுக முடிஞ்சி வந்து வாப்பாவோட பிளேன்டி. பொறகு சஹருக்குச் சோறும் தயிரும் வாழப்பழமும். அதுக்குப் பொறகு ஒண்டுமே இல்ல டொக்டர். நோம்பு."

டொக்டர் அதிலேயே நின்றார். "சஹர் எத்தின மணிக்கு?"

"பாங்குக்கு முன்ன. நாலரைக்கு முடிச்சிருவம்."

"எவ்வளவு சாப்பிட்டவர்?"

"நல்லாத் தின்ட" என்று ஜௌபர் குறுக்கே சொன்னான். தன் மகனின் சாப்பாட்டைப் பற்றி எந்தத் தகப்பனும் சொல்கிற பெருமையோடுதான் சொன்னான். "தூக்கத்துல சாஞ்சி சாஞ்சி விழுந்தான். நான் புடிச்சிக்கொண்டு இருந்தன், இவ பெசஞ்சி ஊட்டினா. பகல் முழுக்கப் பசிக்குமே, இன்னும் ரெண்டு வாய் குடு, இன்னும் ரெண்டு வாய் குடு எண்டு நான்தான்…"

அங்கே அவன் நின்றுவிட்டான்.

"எட்டு மணிக்கு முந்தி மயக்கம் குடுத்திருக்கு" என்றார் டொக்டர், மெதுவாக. "சோறு வயித்த விட்டு இறங்க ஆகக் குறைஞ்சது ஆறு மணித்தியாலம் வேணும். அதோட தயிர், பழம்."

"அது ராவைச் சாப்பாடுதானே டொக்டர்" என்றாள் ஜுனைதா. சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு விளங்கிவிட்டது. பிறந்ததில் இருந்து அவளுக்குச் சஹர் என்பது இரவு. விடியல் தொழுகைக்குப் பாங்கு சொன்னால்தான் காலை. காலையில் கொடுத்தீர்களா என்று கேட்டார்கள், காலையில் கொடுக்கவில்லை. அதில் பொய் எங்கே இருக்கிறது?

தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நின்ற முத்தலிபு பெருமூச்சு விட்டார். "நானும் அண்டைக்குச் சஹர் தின்டுட்டுத்தான் வந்த. எனக்கும் வெளங்கல்லையே. வயித்துக்குப் பாங்கு கேக்காது போல."

ஞானேஸ்வரி மிஸ் வாங்கில் உட்கார்ந்துவிட்டார். அவர் வேலை நேரத்தில் உட்கார்ந்ததை அந்த வார்ட்டில் ஒருத்தரும் கண்டதில்லை. சஹர் என்று ஒன்று இருப்பது அவருக்குத் தெரியாததா? பக்கத்து வீட்டு சஹர்ச் சத்தத்தில் விழித்து எழும்பித்தான் அந்த மாதம் முழுக்க வேலைக்கு வந்திருக்கிறார். நோன்பு என்ற சொல்லைக் கேட்டதும் அவருடைய மனசில் வந்தது தன் வீட்டு விரதம். அதற்கு மேல் கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை. நோன்பு மாதத்தில் இப்படி எத்தனை பிள்ளைகளைக் கன்னத்தைத் தட்டி உள்ளே அனுப்பினோம், எத்தனை பிள்ளைகள் பிந்தி எடுத்ததால் தப்பின என்று எண்ணிப் பார்த்தார்.

"தங்கச்சி," என்றார், "நான் உங்கள வார்ட்டுக்கு நடுவில வச்சு ஏசினன்."

"ஓம் மிஸ். எல்லாக் கட்டிலுக்கும் கேட்ட."

மிஸ் எழும்பினார். அதே நடுவில் போய் நின்றார். "இந்தத் தாய் பொய் சொல்லல்ல. போன வருஷம் நான் இவவப் பொய்க்காரியெண்டு சொன்னது பிழை. நான் சரியாக் கேக்கல்ல" என்று உரக்கச் சொன்னார். கட்டில்களில் இருந்த தாய்மார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அன்று கேட்டவர்களில் ஒருத்தரும் இன்று அங்கே இல்லை. ஏசின சொல் ஊர் ஊராகப் போய்விட்டது, இந்தச் சொல் அந்தச் சுவரைத் தாண்டுமோ என்னவோ. இருந்தாலும் சொன்னாரே, அது பெரிய காரியம். சொல்லாதவர்கள்தான் உலகத்தில் அதிகம்.

ஜுனைதா அழுதாள். பொய்க்காரி இல்லை என்றானதுக்கு அல்ல. இவ்வளவு நாளும் அவளுக்கு ஒரு ஆறுதல் இருந்தது: யார் கொடுத்தாலும் அது என் கை இல்லை. இப்போது அதுவும் போய்விட்டது. அந்தச் சோற்றைப் பிசைந்தது அவளுடைய கை.

"உங்கட கை மட்டுமில்ல" என்றார் டொக்டர், கேட்காததற்குப் பதில் சொல்வது போல. "விடிய எண்டு சொன்னவங்க, கேட்டவங்க, கேட்டு எழுதினவங்க, மயக்கம் குடுத்தவங்க. இத்தின பேரும் ஒரு கேள்வி கூடக் கேட்டிருந்தா அண்டைக்குத் தம்பி வீட்டுக்குப் போயிருப்பார். இனி அழாதீங்க. பிள்ளைக்கு முதல்ல தண்ணி குடுப்பம்."

ஒப்பரேஷனைக் கடைசிக்கு மாற்றினார்கள். ஞானேஸ்வரி மிஸ் ஒரு கிளாசில் சீனித்தண்ணீர் கரைத்துக்கொண்டு வந்தார். கிளாசை உயர்த்திப் பிடித்தால் அந்தப் பக்கம் தெரிய வேண்டும், அப்படித் தெளிந்த தண்ணீர் என்றால் உள்ளே எடுக்கிறதற்குக் கொஞ்ச நேரம் முன்னம் வரைக்கும் பயமில்லை, பாலும் கஞ்சியும் ஆகாது என்று டொக்டர் விளக்கினார். மிஸ் கிளாசை ஜுனைதாவின் கையில் கொடுத்தார்.

ஜுனைதாவால் முடியவில்லை. கிளாசைப் பிடித்த கை பிள்ளையின் வாய் வரைக்கும் போகாமல் நின்றது. "நீங்க குடுங்க" என்று ஜௌபரிடம் நீட்டினாள். அவன் பின்வாங்கினான். "நீ குடு." "எனக்கு ஏலா, நீங்க குடுங்க." இப்ஹாம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு கையை நீட்டிக் கிளாசைப் பறித்துத் தானே மடமடவென்று குடித்தான். எட்டு வயது. தாகம்.

அப்போதுதான் ஜௌபருக்கு அது உறைத்தது.

"அப்ப பால்?" என்றான் மனைவியிடம். "நீ பால் குடுத்தண்டு இவன் சொன்னானே."

"நானா? நீங்க பிஸ்கட் குடுத்தண்டுதான் எனக்கிட்ட சொன்ன!"

இரண்டு பேரும் பிள்ளையின் பக்கம் திரும்பினார்கள். இப்ஹாம் வெற்றுக் கிளாசுக்குள் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏன் மகன் அப்பிடிச் சொன்ன?" என்று கேட்டான் ஜௌபர்.

"இல்லெண்டுதான் சொன்ன. நீங்க திரும்பத் திரும்பக் கேட்டீங்க. ஓமெண்டு சொன்ன ஒடன நிப்பாட்டின."

டொக்டர் சுலக்ஷனா எழும்பி அடுத்த பிள்ளையைப் பார்க்கப் போனார். நல்ல மனுசி.

ஒப்பரேஷன் நன்றாக முடிந்தது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அதை ஒளித்து வைத்துக் கதை கேட்கிறவர்களைப் பதறவைப்பது எனக்குப் பிடிக்காது. பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை, இப்போது மதிலேறிக் குதிக்கிறான். ஞானேஸ்வரி மிஸ்ஸும் இப்போது ஒரு பிள்ளையிடமும் சாப்பிட்டதா என்று கேட்பதில்லை. முஸ்லிமோ இந்துவோ வேதக்காரரோ, நேற்றுப் பொழுதுபட்டதில் இருந்து வாய்க்குள் போனதை எல்லாம் சொல்லுங்கள் என்று உட்கார்ந்து கேட்கிறார். நோன்பு, ஒருசந்தி, விரதம் என்று யாராவது சொன்னால் இன்னும் இரண்டு கேள்வி கூடக் கேட்கிறார். வாய் மட்டும் மாறவில்லை.

நான் சொல்ல வந்தது தியேட்டர் வாசலில் நடந்ததை.

பகலுக்குப் பிறகு முத்தலிபு தள்ளுவண்டியைக் கொண்டுவந்தார். பச்சை உடுப்பில் இப்ஹாம் இன்னும் சின்னப் பிள்ளையாகத் தெரிந்தான். வாசல் வரைக்கும் தாயும் தகப்பனும் கூட நடந்தார்கள். அங்கே கதவைத் திறக்க முத்தலிபு முன்னால் போனபோது, பிள்ளை தாயின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தான்.

"உம்மா, நீங்க மௌத்தாக மாட்டீங்கதானே?"

"என்ன மகன் இது? ஒனக்குத்தானே ஒப்பரேசன், எனக்கா?"

"அண்டைக்கு ஒங்கட தலையில கை வச்சிச் சொல்லச் சொன்னீங்க. பொய்யாச் சொன்னா உம்மா மௌத்தாகிருவன் எண்டு சொன்னீங்க." அவன் கிசுகிசுத்தான், தகப்பனுக்குக் கேட்கக்கூடாது என்பது போல. "நான் வச்சித்தான் சொன்ன. வாப்பா பிஸ்கட் தந்தண்டு. பொய்."

சொன்னது ஜுனைதாவுக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது. மார்க்கத்தில் ஆகாத சத்தியம், கோபத்தில் கேட்டாள், கேட்டதை அன்றைக்கே மறந்தும் போனாள். பிள்ளை மறக்கவில்லை. அன்றில் இருந்து ஒவ்வொரு நாளும் அவன் உம்மா செத்துப்போவாள் என்று காத்துக்கொண்டு இருந்திருக்கிறான். ஒருத்தருக்கும் சொல்லவும் முடியாமல்.

அவள் குனிந்தாள். பிள்ளையின் கையை எடுத்துத் தன் தலையில் வைத்தாள். ஊசி குத்திப் பிளாஸ்டர் ஒட்டின கை.

"இப்ப உண்மயச் சொல்லு."

"வாப்பா பிஸ்கட் தரல்ல."

"அவ்வளவுதான். எல்லாம் சரியாப் போச்சு. உம்மா இஞ்சதான் இருப்பன். நீ எழும்பக்குள்ளயும் இருப்பன்."

"சத்தியமா?"

"சத்தியமெல்லாம் வேணாம் மகன். இருப்பன்."

ஜௌபர் ஆறடி ஆள். தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் முழங்காலில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றினான். அவனுக்கு எல்லாம் கேட்டிருந்தது.

"எண்ட தலையிலயும் வை" என்றான்.

இப்ஹாம் மற்றக் கையை நீட்டித் தகப்பனின் தலையில் வைத்தான். "உம்மா பால் தரல்ல வாப்பா" என்றான். பிறகு இருவரையும் பார்த்து, "நீங்க ரெண்டு பேரும் சஹருக்குச் சோறுதான் தந்த. நான் மறக்கவேயில்ல. நீங்க அதக் கேக்கல்ல" என்றான்.

முத்தலிபு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.